கொட்டிலில் கிடந்த சேவல்: ஒரு பழைய பேன்டம் மோட்டார் சைக்கிளைச் செய்வதா, கொடுப்பதா?

பின்னணி

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் சிறியதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் பெரும்பாலும் முச்சக்கரவண்டியும் நூறு சீசீ பைக்கும்தான். 2024 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கொழும்பில் வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"அண்ணே, இத செய்யலாமா, இல்ல குடுத்துரலாமா?"

விறகுக் கட்டுக்கும் கிழிந்த கொழுந்துக் கூடைக்கும் நடுவே ஒரு முன்சக்கரமும் பாதி பெற்றோல் டாங்கியும் தெரிந்தன. வீட்டுக் கூரைத் தகரம் மாற்றுவதற்காகப் பின்கொட்டிலை ஒதுக்கியபோது வெளியே வந்ததாம். அடுத்த நாள் நேரில் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் எதுவும் இல்லாத விறைத்த சட்டம், சின்ன இரும்பு சிலிண்டர். பீ.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பேன்டம், டீ1 மாதிரி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பேன்டம் 1948இல் வந்தது. யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நட்டஈடாக வந்த ஒரு டீகேடபிள்யூ வண்டியின் வரைபடத்தை இடம் வலம் மாற்றி பர்மிங்ஹாமில் செய்தார்கள். யமஹா 1955இல் செய்த முதல் பைக்கும் அதே வரைபடத்தின் வழியில் வந்ததுதான். டீ1 என்பது 123 சீசீ, டூ ஸ்ட்ரோக், மூன்று கியர், நாலரைக் குதிரைவலு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1971இல் பேன்டம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பேன்டத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனியும் அதிக காலம் நிற்கவில்லை. இந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் வருடம் 1953. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. 1958இல் வாகன இலக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்து நாடு அல்லோலப்பட்டதே, அதற்கு முந்திய பதிவு.

வண்டி முதலில் இந்தக் குடும்பத்தினுடையது அல்ல. அதே தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவருடையது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவருக்கு இந்தியப் பிரஜாவுரிமை விழுந்து, 1973இல் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார். போகுமுன் வண்டியைத் தன் கூட்டாளியிடம் கொடுத்தார். விலை 300 ரூபாவும் ஒரு கறவை மாடும். மாட்டை அவர் போகுமுன்னே விற்றுக் காசாக்கிக்கொண்டார். கூட்டாளி அந்தத் தோட்டத்துக் கண்டக்டர், மலை வேலையை மேற்பார்க்கிறவர். படம் காட்டிய இளைஞரின் தாத்தா.

தாத்தா பதினைந்து வருடம் ஓட்டினார். பிறகு ஒரு நாள் கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது வண்டி "இழுத்துப் பிடித்தது". அதாவது எஞ்சின் இறுகிச் சக்கரத்தையும் பூட்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தது இளைஞரின் அம்மா, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "அப்பா சட்டுனு கிளட்ச புடிச்சாரு. இல்லன்னா ரெண்டு பேரும் பள்ளத்துலதான்" என்றார். லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, அதற்குப் பிறகு கொட்டிலை விட்டு அசையவில்லை. அம்மா சொன்ன இந்த ஒரு வரி பின்னால் எனக்கு எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

முதல் பார்வையும் முதல் தவறும்

வெளித்தோற்றம் பயமுறுத்தியது. சீட் இல்லை, கம்பிதான் மிச்சம். கார்புரேட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஓட்டை வழியாக எலி உள்ளே போய்க் குடித்தனம் நடத்தியிருந்தது. டாங்கியின் அடியில் ஊசி குத்தியதுபோல் நாலைந்து துளை. சங்கிலி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி. முப்பத்தைந்து வருடத்து மலைநாட்டு ஈரம் செய்யக்கூடியதை எல்லாம் செய்திருந்தது.

"கொடுத்துவிடு" என்றேன். சும்மா சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஏற்கனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டு 85,000 ரூபா தருவதாகச் சொல்லியிருந்தார். கொழும்பில் பழைய வண்டி சேர்ப்பவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர். முதலில் ஒரு லட்சம் என்றவர், எண்களைப் பார்த்ததும் குறைத்துக்கொண்டாராம்: "எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் வேற வேற. எஞ்சின் மாத்தின வண்டி தம்பி, இதுக்கு இவ்வளவுதான்." வந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி வேறு: "புத்தகம் இருக்கா?" வண்டியைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை, புத்தகத்தைத்தான் பார்த்தார். நானும் பேரனும் அதைக் காதில் வாங்கினோமே தவிர, யோசிக்கவில்லை.

பேரனுக்குக் கொடுக்க மனமில்லை. பொங்கல் லீவு முடியுமுன் ஏதாவது ஆரம்பித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு பெயின்ட்காரரிடம் 15,000 முற்பணம் கொடுத்து, சட்டத்தையும் இரண்டு மட்கார்டையும் கழற்றி அனுப்பிவிட்டார். நானும் தடுக்கவில்லை. துருவை எடுக்கத்தானே போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த வழியாகப் போனவன் எட்டிப் பார்த்தேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, முன் மட்கார்டை வெள்ளி மாதிரி பளபளக்கத் தேய்த்து வைத்திருந்தார்கள். சட்டத்திலும் ஆரம்பித்து, எண் அடித்திருக்கும் இடத்தின் மேலேயே பிரஷ் ஓடியிருந்தது. கடைசி இரண்டு இலக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லி, சட்டத்தை அப்படியே வாங்கிவந்தேன். அந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தோம். முதல் இரண்டு தாளிலும் கறுப்புப் பட்டைதான். மூன்றாவதில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தேய்த்தபோது, ஒரு 6உம் பாதி 1உம் எழும்பின. புத்தகத்தில் இருந்ததும் அதுதான். இன்னும் பத்து நிமிடம் பிரஷ் ஓடியிருந்தால், அந்தச் சட்டம் பழைய இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும்.

பெயின்ட்காரர் மேல் குற்றமில்லை. துருவை எடுக்கச் சொன்னோம், எடுத்தார். முற்பணம் திரும்ப வரவில்லை, கேட்கவும் இல்லை.

தாள்

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, வண்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தாள்களை எடுத்தோம். இருந்தவை இரண்டு: கிளாக்கர் பெயரில் பதிவுப் புத்தகம், 1973இல் கோட்டுத்தாளில் தமிழில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம். "மேற்படி வண்டியை இன்னாரிடம் ஒப்படைத்தேன், இனி எனக்குப் பாத்தியமில்லை" என்று நாலு வரி. தாத்தா பெயருக்கு மாற்றவே இல்லை. தோட்டத்துக்குள்ளும் பக்கத்து டவுனுக்கும் ஓடிய வண்டிக்கு அன்றைக்கு யார் கேட்டார்கள்?

முதலில் எண் விவகாரம். எஞ்சினில் ஒரு எண், சட்டத்தில் வேறொரு எண் என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்து பேன்டத்தில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டு எண்ணும் வேறாகத்தான் இருக்கும். ஒரே எண் அடிக்கும் வழக்கம் அறுபதுகளின் கடைசியில் வந்தது. ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது வீண். ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பார்த்தோம், இரண்டும் பொருந்தின. வாங்க வந்தவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதை விட்டுவிடுவோம். அந்த ஒரு பேச்சில் 15,000 ரூபா இறங்கியது.

பெயர் மாற்றத்துக்கு என்ன வேண்டும் என்று பேரன் பதிவு அலுவலகத்தில் விசாரித்தார். அங்கிருந்த உத்தியோகத்தர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசியிருக்கிறார்: புத்தகத்தில் பெயருள்ளவரோ, அவர் இல்லையென்றால் வாரிசுகளோ தாள்களோடு வர வேண்டும், பழைய கோப்பைத் தேடி எடுக்க எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது.

கிளாக்கரின் ஆட்களை எங்கே போய்த் தேடுவது? கப்பல் ஏறிப் போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் இருக்கிறார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. எங்கள் ஊரில் யாருக்காவது கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பெரியப்பா மகன் இருப்பான். அம்மா மூன்று கலியாண வீட்டில் விசாரித்தார். ஐந்து வாரத்தில் கோத்தகிரியிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. கிளாக்கரின் மூத்த மகன், எழுபதைத் தாண்டியவர். அப்பா காலமாகி நாளாகிவிட்டது, என்ன கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றார். பேசி முடிக்கிற நேரத்தில் ஒன்று கேட்டார்: "டேங்க்ல ஒரு சேவல் இருக்குமேம்மா, அது இருக்கா இன்னும்?"

எங்களுக்குத் தெரியாது. டாங்கி முழுக்கச் சிவப்பாக ஏதோ பூச்சு. பேன்டம் என்றால் சின்னச் சாதிக் கோழி. இந்த மாதிரி வண்டியின் டாங்கியில் வரும் அடையாளப் படமும் சேவல்தான். அன்றைக்கே மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து ஒரு மூலையில் ஆரம்பித்தேன். சிவப்பு, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயின்ட். தாத்தாவின் கைவேலையாக இருக்கும். நகத்தால் கிளப்பினால் செதில் செதிலாக வந்தது. அதற்குக் கீழே வெளுத்த பச்சை. தொழிற்சாலையில் முதலில் அடித்த பனிப் பச்சை அதுதான், பக்கத்தில் தந்த நிறப் பட்டை. பட்டையின் நடுவே கொண்டையும் கழுத்தும் ஒரு காலும் தெரிந்தன. வால் இல்லை.

எஞ்சினைத் திறந்தபோது

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருந்தது. அடித்து எடுக்கக் கூடாது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டோம். பத்தாம் நாள் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் மயிரிழை அசைந்தது. சரி, இனி வரும்.

பிஸ்டனின் தலையில் 40 என்று அடித்திருந்தது. அதாவது சிலிண்டரை ஏற்கனவே 0.040 அங்குலம் கடைந்திருக்கிறார்கள். புகை வெளியேறும் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல், அலுமினியம் உருகிச் சிலிண்டரில் ஒட்டியிருந்தது. அம்மா சொன்ன கினிகத்தேனை இறக்கம் இதுதான்.

இதை மலைநாட்டில் டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சினின் பிஸ்டனுக்கு ஒயில் தனியாகப் போவதில்லை. பெற்றோலில் கலந்துதான் போகிறது. நீண்ட இறக்கத்தில் எக்ஸலேட்டரை மூடிவிட்டு, கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினால், சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெற்றோல் போவதில்லை, அதனால் ஒயிலும் போவதில்லை. காய்ந்துபோய்ப் பிடித்துவிடும். பழைய ஆட்கள் இறக்கத்தில் இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு திருகு திருகி விடுவது பழக்கதோஷமல்ல. தாத்தாவுக்கும் அது தெரிந்திருக்கும். அன்றைக்குப் பின்னால் பிள்ளை இருந்ததால் கவனமெல்லாம் பிரேக்கில் இருந்திருக்கலாம்.

ஒரு வகையில் இது நல்ல செய்தி. வண்டி நின்றது தேய்ந்து அல்ல, ஒரே நாளில் ஒரே காரணத்தால். அப்படியென்றால் மற்றப் பாகங்களில் உயிர் இருக்கலாம். இந்த இடத்தில்தான் "கொடுத்துவிடு" என்ற என் பேச்சை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் அவசரப்பட்டும் விட்டேன். கனெக்டிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது, அது இருக்கலாம். மேலும் கீழும் ஆடினால்தான் கிராங்க் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். "கிராங்க் நல்லா இருக்கு" என்று பேரனுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். மறுநாள் லேத் பாஸ், அதாவது கடைசல் வேலை செய்பவர், வந்து அதைப் பெற்றோலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவிவிட்டு என்னிடம் கொடுத்தார். "இப்ப ஆட்டிப் பாருங்க." டக் டக் என்று சத்தமே கேட்டது. பழைய ஒயில் கோந்தாகி இடுக்கை நிரப்பியிருந்திருக்கிறது. முப்பது வருடமாகத் தொழிலில் இருக்கிறேன்.

கார்புரேட்டர் ஓட்டை வழியாக வந்த ஈரம் கிராங்க் கேசின் அடியில் தங்கி, பேரிங்குகளையும் அரித்திருந்தது. ஆனால் அலுமினியக் கேசில் வெடிப்பு இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. பேரிங், சீல், பிஸ்டன் எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள், இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும். உடைந்த கேசுக்குப் போக இடமில்லை. மறுபடி பூட்டியதும், உள்ளே போகும் வழியையும் வெளியே வரும் வழியையும் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்று அடித்து, சவர்க்கார நீர் தடவிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம். டூ ஸ்ட்ரோக்கில் கீழ்க் கேஸ் காற்றுப் பிடிக்காவிட்டால் மேலே என்ன செய்தும் பயனில்லை.

கணக்கு

மார்ச் கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார்.

முழுதாகப் புதுப்பித்தால், பெயின்ட், சீட், இந்த வண்டிக்குரிய அமல் கம்பெனிக் கார்புரேட்டர், விளக்கு, வயர் எல்லாம் சேர்த்து என் மதிப்பில் 385,000 ரூபா. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் காசு. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். தபாலில் வரும் சாமானுக்கு முன்கூட்டியே விலை சொல்ல யாருக்கும் துணிவில்லை. அவ்வளவு செலவழித்த பிறகும், விற்பவர் பெயரில் புத்தகம் இல்லாத வண்டியை அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?

அப்படியே கொடுத்தால் 85,000. எண்கள் சரி என்று தெரிந்தபின் மறுபடி ஒரு லட்சம் கேட்கலாம்.

மூன்றாவது, எஞ்சினை மட்டும் சரியாகச் செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, தோற்றத்தைத் தொடாமல் விடுவது. அதற்கு 120,000க்கு மேல் போகக் கூடாது என்று பேரன் ஒரு கோடு போட்டார்.

தினசரி ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் பதில் நேராக 'வேண்டாம்' என்றுதான் இருந்திருக்கும். நாலரைக் குதிரைவலுவில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறுவது இருக்கட்டும், அந்தச் சின்ன டிரம் பிரேக்கை நம்பி, இன்றைய பஸ்களுக்கு நடுவில் இறங்குவதுதான் கஷ்டம். பேரனிடம் ஏற்கனவே ஒரு ஜப்பான் பைக் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து அதன் விலையும் அப்போது ஏறித்தான் நின்றது.

முடிவு

மூன்றாவதைத் தேர்ந்தோம். காரணம் பாசம் மட்டுமல்ல. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அரைச் சேவலை மறுபடி கொண்டுவர முடியாது. அரிப்பு ஏறும் கிராங்க் கேஸ் இன்னும் பத்து வருடம் தாங்காது. தாள் பத்து வருடம் கழித்துக்கூட வரலாம். ஆகவே காத்திருக்க முடியாததை இப்போது செய்து, காத்திருக்கக்கூடியதை விட்டுவிடுவது. திரும்பக் கழற்ற முடியாத எதையும் செய்யக் கூடாது என்பது கூடவே ஒரு நிபந்தனை. அதனால் அமலுக்குப் பதிலாக, நூறு சீசீ பைக்குக்கு வரும் சீனக் கார்புரேட்டரை ஒரு இடைத் துண்டு கடைந்து பொருத்தினோம். பார்க்க அழகில்லை. ஆனால் இரண்டு போல்டைக் கழற்றினால் வந்துவிடும்.

பெயர் மாறும் வரை பொது ரோட்டில் ஏற்றுவதில்லை என்பதையும் அன்றைக்கே பேசி முடித்தோம். பேரனுக்கு அது கொஞ்சம் கசந்தது.

அதற்குப் பிறகு நடந்தது

கிராங்க்கைப் பிரித்துப் புதுப் பேரிங் ஏற்ற 38,000. 0.060 பிஸ்டனும் சிலிண்டர் கடைந்த கூலியும் 21,500. கேஸ் பேரிங், சீல் 9,000. டயர், டியூப் 19,000. பத்தொன்பது அங்குலத்தில் மெல்லிய டயர் ஹட்டனில் இல்லை, புல்லட்டுக்கு வருவதைக் கொடுக்கப் பார்த்தார்கள், அது மட்கார்டில் உரசும். கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடை சொல்லிவைத்து எடுத்துக் கொடுத்தது. கார்புரேட்டர், பொயின்ட், டாங்கித் துளைக்கு ஈயம், கேபிள், பிரேக் லைனிங், கிளட்ச் வேலை எல்லாம் 28,500. ஆக 116,000. பெயின்ட்காரரிடம் விட்ட 15,000ஐயும் சேர்த்தால் 131,000, கோட்டைத் தாண்டிவிட்டது.

கிளட்ச் தட்டில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். தண்ணீரில் மிதக்குமே, அதே தக்கை. காய்ந்து உதிர்ந்தவற்றுக்குப் பதில் புதிது வெட்டி, இரவு முழுக்க ஒயிலில் ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பதித்தார் லேத் பாஸ். அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "இத இனி எங்கங்க பார்க்கப் போறேன்."

சவர்க்கார நீர்ச் சோதனையில் முதல் தடவை ஒரு பக்கத்துச் சீலில் குமிழி வந்தது. கழற்றிப் பார்த்தால் உதடு மடிந்து ஏறியிருந்தது. மறுபடி போட்டோம், நின்றது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோல் 25க்கு ஒயில் 1 என்று கலந்து ஊற்றி, ஏழாவது மிதியில் எடுத்தது. வீடு முழுக்க நீலப் புகை. அம்மா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆறவிட்டு மிதித்தால் எடுக்கும், சூடானால் நிற்கும். மூன்று வாரம் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், குற்றவாளி கண்டென்சர். சூட்டில் செத்து, ஆறியபின் பிழைக்கும் அது. பழைய வண்டியில் இந்த மாதிரி வந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

வண்டி இப்போது வீட்டு முற்றத்திலும் தேயிலைக்குள் போகும் அவர்களுடைய சொந்தத் துண்டு வழியிலும் ஓடுகிறது. பேரன் முதல் நாள் நிறுத்தப் போய் வலது காலை மிதித்து, பிரேக்குக்குப் பதிலாக கியர் விழுந்து, செம்பருத்தி வேலிக்குள் போய் நின்றார். அடி ஒன்றும் இல்லை.

மறுபடி செய்வதென்றால்

கிரைண்டரை யாரும் தொடுமுன் எண்களைப் படமெடுத்து, பென்சிலில் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிடுவேன். அது அரை மணி நேர வேலை, செலவு ஒரு பென்சில். அதைச் செய்திருந்தால் 15,000 மிஞ்சியிருக்கும், முன் மட்கார்டில் பழைய பச்சையும் மிஞ்சியிருக்கும். இப்போது அந்த ஒரு மட்கார்டு மட்டும் ஒயில் தடவிய வெறும் இரும்பாக நிற்கிறது. அதற்கு மட்டும் பச்சை அடிக்கலாமா என்று பேரன் கேட்கிறார். அடித்தால் மற்ற இடமெல்லாம் இன்னும் கிழடாகத் தெரியும் என்பது என் எண்ணம், இன்னும் முடிவாகவில்லை.

வீட்டாரிடம் முதல் நாளே உட்கார்ந்து கதை கேட்டிருப்பேன். வண்டி எப்படி நின்றது என்பதை அம்மா சொன்னபோது அதை ஊர்க்கதையாகக் கேட்டேன். எஞ்சினைத் திறக்காமலே பாதி நோயைச் சொல்லியிருந்தது அந்தக் கதை. எந்தப் பாகத்தையும் கழுவுமுன் 'நல்லது' என்று போன் போடவும் மாட்டேன்.

முடிவை மாற்றியிருப்பேனா? எண் முழுதாக அழிந்திருந்தாலோ, கேஸ் வெடித்திருந்தாலோ, கிடைத்த விலைக்குக் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன். இவற்றில் ஒன்று போதும். டாங்கித் துளை, துரு, சீட் இல்லாதது எல்லாம் அந்தப் பட்டியலில் வராது, முதல் நாள் என்னைப் பயமுறுத்தியவை அவைதான் என்றாலும்.

இப்போதைய நிலை

கோத்தகிரியிலிருந்து மரணச் சான்றிதழின் பிரதியும் பிள்ளைகள் நாலு பேரின் கையெழுத்திட்ட கடிதமும் வந்து சேர்ந்துவிட்டன. விண்ணப்பம் கொடுத்தாயிற்று, கோப்பைத் தேடுகிறார்கள். அரைச் சேவலைப் படமெடுத்து அனுப்பியதற்கு கிளாக்கரின் மூத்த மகன் பதிலாக ஒரு பழைய படம் அனுப்பினார். வேட்டியும் கோட்டுமாக அவருடைய அப்பா, வண்டிமேல். டாங்கியில் சேவல் முழுதாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு நெளிவும் இருக்கிறது. அந்த நெளிவைத் தட்டி எடுக்க வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்தேன், அந்தக் குறிப்பை வெட்டிவிட்டேன்.

வண்டி கொட்டிலுக்குத் திரும்பவில்லை, முன்விறாந்தையில் நிற்கிறது. அடியில் அம்மா ஒரு பழைய ரொட்டித் தட்டு வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஆறேழு சொட்டு ஒயில் விழுகிறதாம். கியர்பொக்ஸ் பக்கத்துச் சீலாக இருக்கும். மழைக்கு முன் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.